மூன்று அடியில் அவிழ்த்த பின்னல்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுக்கச் சொல்லி நம் குழுவிலிருந்து ஆள் மேல் ஆள் விட்டார்கள். கோலை எப்படிப் பிடிப்பது, அடி எப்படி வைப்பது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதைச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. பத்து நாள் ஆடினால் தானாக வந்துவிடும். முப்பது வருஷம் கம்பத்தடியில் நின்று குரல் கொடுத்தவன் நான். அதில் ஒரே ஒரு சாயங்காலத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெருமைப்படுகிற சங்கதி இல்லை. படித்துவிட்டு என்மேல் இருக்கும் மரியாதை குறைந்தால் குறையட்டும்.

உங்கள் பெயர்ப் பட்டியலைக் காட்டினார்கள். அம்பத்தூரில் லேத் ஓட்டுகிறவர் ஒருவர், பஸ் கண்டக்டர் ஒருவர், கரையான்சாவடியில் தையல் கடை வைத்திருப்பவர் ஒருவர், கல்லூரியில் கணக்கு சொல்லித்தருகிறவர் ஒருவர். “ஆளுக்கொரு திசையா இருக்கோமே, ஒண்ணா ஆட வருமா?” என்று உங்களில் யாரோ கேட்டீர்களாம். வரும். அதில் ஒரு கஷ்டமும் இல்லை. யார் எங்கிருந்து வந்தவர், அந்த இடம் அவரை என்ன பாடுபடுத்துகிறது என்பதை ஆட்டத்தின் நடுவே மறந்துவிடுகிறோமே, ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் பின்னல் கோலாட்டத்தில் ஆடுகிறவர்கள் பத்துப் பேர். குரல் கொடுக்கிற நான் பூந்தமல்லியில் தறி போட்டிருந்த நெசவுக்காரன். காதர் பாய் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர். பெரிய அண்டாவுக்குள் இறங்கி நின்று மணலை மிதித்து, இடுப்பைத் திருகித் திருகித் தேய்ப்பார். அந்தத் திருகல் அப்படியே ஆட்டத்தில் வரும். அவரைப் போல் வளைந்து திரும்புகிற ஆளை நான் இன்றுவரை பார்க்கவில்லை. குத்தம்பாக்கத்து முனுசாமி வயல் சேற்றில் நடந்து பழகியவன், காய்ந்த தரையிலும் முழங்காலைத் தூக்கித் தூக்கித்தான் வைப்பான். ஜட்கா ஓட்டுகிற ஒருவர் ஆட்டம் சூடு பிடித்ததும் குதிரையை விரட்டுவதுபோல் நாக்கைச் சொடுக்குவார். மற்ற ஒன்பது பேரும் தங்களை அறியாமல் வேகமெடுப்பார்கள். ஒருவன் காலைப் பார்த்தே தொழிலைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு அந்த நாளில் திமிர் உண்டு.

இந்தக் கதைக்கு முக்கியமானவர்கள் இன்னும் இரண்டு பேர். ஒருவன் தங்கவேலு, பூந்தமல்லி ஸ்டேஷனில் கான்ஸ்டபிள். பரேடு பழகிய கால், ஐந்து வருஷத்தில் ஒரு அடி தப்பியது கிடையாது. இன்னொருவர் குத்தம்பாக்கத்துப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே ஆடுவார். அவருக்கு இழுப்பு நோய். குளிர் காற்று பட்டால் நெஞ்சு விசில் அடிக்கும், ஆனாலும் ஆட்டத்தை விடமாட்டார். மனுஷர்களைப் புண்படுத்தாமல் திருத்துவது எப்படி என்று நான் கற்றுக்கொண்டது அவரைப் பார்த்துத்தான். அதாவது, கற்றுக்கொண்டதாக நினைத்திருந்தேன்.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு விஷயம் மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப உச்சியிலிருந்து தொங்கும் பத்து நிறக் கயிற்றையும் ஆளுக்கு ஒன்றாக இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். இரண்டு கையிலும் கோல். ஐந்து பேர் வலமாக, ஐந்து பேர் இடமாக. எதிரே வருகிறவர்களில் ஒருவரை உள்பக்கமாகக் கடந்தால் அடுத்தவரை வெளிப்பக்கமாகக் கடக்க வேண்டும். பின்னல் சடைபோல் கம்பத்தில் இறங்கும். பிறகு வந்த வழியே திரும்பி அவிழ்க்க வேண்டும். அவிழ்க்கும்போது ஒருவர் பக்கம் மாறினாலும் பின்னல் இறுகிப் பூட்டிக்கொள்ளும். அப்படி ஆனால் மேளம் நின்றுவிடும். எல்லோரும் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். ஜனங்கள் கேலி பேசிக்கொண்டு உள்ளே புகுந்து கயிற்றை இழுத்துப் பார்ப்பார்கள். அரைமணி நேரம் ஒரே அமளி. இது ஒன்று. ஒழுங்காக அவிழ்ந்துவிட்டால் பத்துப் பேரும் நாற்காலியில் இருக்கும் பெரிய மனிதர்கள் முன்னால் வரிசையாகப் போய் நின்று கும்பிட வேண்டும். இது இரண்டாவது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். அங்கே தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், இங்கே தந்திக் கம்பியை அறுத்தார்கள் என்று தினம் ஒரு பேச்சு. ஆவடிப் பக்கமும் ஒரு நாள் கம்பி அறுந்தது. மறுநாள் வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. போலீஸ் அவரைத் தேடுகிறது என்று மூன்றாம் நாள் தெரிந்தது. அவர்தான் அறுத்தாரா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. எங்களுக்கு ஒரே கவலைதான். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு ஜெயிலின் ஈரத் தரையில் அவர் தேறமாட்டார். பிடிபட்டால் உயிருக்கே வினை.

அம்மன் திருவிழாவுக்கு முந்தின மூன்று நாளில் தங்கவேலு இரண்டு தடவை என் தெருப்பக்கம் வந்தான். வேவு பார்க்க வருகிறான் என்று நினைத்துக்கொண்டேன். காக்கிச் சட்டையைக் கண்டதும் தறிக்குழியில் இறங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவனும் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

நசரத்பேட்டை அம்மன் திருவிழாவில் எங்கள் ஆட்டம். ஒன்பது பேரை வைத்துப் பின்ன முடியாது. எட்டாகச் சுருக்கியிருக்கலாம், எனக்கு மனசு வரவில்லை. முகத்தில் அரிதாரம், தலையில் முண்டாசு, யாருக்கு அடையாளம் தெரியப்போகிறது? காதர் பாய்க்கு வாத்தியார் இருக்கும் இடம் தெரியும். அவர் மூலம் முன்கூட்டியே வரச்சொல்லித் தகவல் அனுப்பியிருந்தேன். அது என் முதல் தப்பு. அதையும் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் நான் சொல்ல வந்தது அதைவிடப் பெரியது.

மதியம் மூன்று மணிக்கு, கோயிலுக்குப் பின்னால் தென்னந்தோப்பில் வேஷம் கட்டிக்கொண்டிருந்தோம். வாத்தியார் வந்து சேர்ந்தார். ஆள் பாதியாகியிருந்தார். “பத்துக்கு ஒண்ணு கொறையக் கூடாதுன்னு சொல்லி அனுப்பினீங்களாமே” என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. கொஞ்ச நேரத்தில் தங்கவேலுவும் முண்டாசோடு வந்தான். வாத்தியாரைப் பார்த்தான். முனுசாமி கையிலிருந்த அரிதாரக் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தான். தங்கவேலு நேரே என்னிடம் வந்து தோளைப் பிடித்து ஒரு மரத்துக்குப் பின்னால் இழுத்துப்போனான்.

“அண்ணாத்தே, வாத்தியாரு இன்னிக்கு ஆட வருவாருன்னு எவனோ ஸ்டேஷன்ல சொல்லிக்கீறான். புது இன்ஸ்பெக்டரு மொத நாற்காலில குந்திகினு கீறாரு. அவருக்கு வாத்தியாரு மூஞ்சி தெரியாது. எனுக்குத்தான் தெரியும்.”

“அதுக்கு இன்னா?”

“ஆட்டம் நடக்கச்சொல்ல கை வெச்சா ஜனங்க கலாட்டா பண்ணுவாங்கன்னு பயம். முடிஞ்சு வரிசையா நிக்கிறப்போ நான் எவன் தோள்மேல கோல வெக்கிறேனோ, அவன அமுக்கிடுவாங்க. உத்தரவு.”

“வெப்பியா?”

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. “நாலு புள்ளைங்க கீது அண்ணாத்தே. என்னை ஒண்ணும் கேக்காத. நீ ஆட்டத்த நட்த்து.”

“ஆட்டமே வேணாம்னு போய் சொல்லிடறேன்.”

“சொன்னா இப்பவே தோப்புல பூந்துருவாங்க. சுத்தி ஆளு நிக்கிது.”

திரும்பி வந்தேன். என் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்தது போலிருக்கிறது, காதர் பாய் ஒரே கேள்வியில் விஷயத்தை வாங்கிவிட்டார். வாத்தியார் பக்கத்தில்தான் இருந்தார். கேட்டுவிட்டு, “அப்போ ஆடுவோம்” என்றார். முண்டாசை அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். எனக்குப் பயம் பாதி, தங்கவேலுமேல் ஆத்திரம் பாதி. ஐந்து வருஷமாக நம்மோடு ஒரே பானையில் தண்ணீர் குடித்தவன் என்று மனசு கொதித்தது.

கம்பத்தடியில் நின்று குரல் கொடுத்தேன். தங்கவேலு வலமாக, வாத்தியார் இடமாக. ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் எதிரெதிரே வந்து கோல் தட்ட வேண்டும். அப்படி வரும்போதெல்லாம் தங்கவேலுவின் உதடு அசைந்தது. மிரட்டுகிறானா, மன்னிப்பு கேட்கிறானா, எனக்குத் தெரியவில்லை. வாத்தியார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, எண்ணிக்கொண்டே இருந்தார். முதல் நாற்காலியில் இன்ஸ்பெக்டர் காலை ஆட்டிக்கொண்டு சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

நேரத்தை இழுத்தேன். எனக்கு வேறு யோசனை தோன்றவில்லை. எட்டுச் சுற்று பின்ன வேண்டிய இடத்தில் பத்து, பதினொன்று என்று போனேன். மழை வருமா, மாடு மிரளுமா, ஏதாவது நடந்து கூட்டம் கலையாதா என்று வேண்டாத தெய்வம் இல்லை. ஒன்றும் நடக்கவில்லை. வாத்தியாரின் நெஞ்சு விசில் மட்டும் மேளத்தை மீறிக் கேட்க ஆரம்பித்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. இன்னும் இழுத்தால் போலீஸ் பிடிக்கும் முன்னே நானே அவரைக் கொன்றுவிடுவேன். “பின்னல அவுத்துகினு வாங்க!” என்று குரல் கொடுத்தேன்.

அவிழ்க்கத் தொடங்கினார்கள். பின்னல் ஒவ்வொரு சுற்றாக மேலே ஏறிற்று. ஆறு சுற்று, ஐந்து சுற்று, நாலு, மூன்று. இன்னும் இரண்டே சுற்றுதான் பாக்கி. அப்போதுதான் அது நடந்தது. பத்துக் கயிறும் ஒன்றாக வெடுக்கென்று இறுகின. ஆட்டம் நின்றது.

என் கண் கயிற்றுக்குத்தான் போயிற்று, ஆள்மேல் போகவில்லை. பச்சைக் கயிறு. காதர் பாயை உள்பக்கமாகக் கடக்க வேண்டிய இடத்தில் வெளிப்பக்கமாகக் கடந்திருந்தது. பச்சைக் கயிறு தங்கவேலுவுடையது.

ஜனங்கள் ஹோவென்று கத்தினார்கள். மேளக்காரர் தடுமாறினார். முனுசாமியின் கை இடுப்பு முடிச்சுக்குப் போய்விட்டது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துக்கொண்டே எழுந்து கயிற்றுப் பக்கம் நகர்ந்தார்கள். வாத்தியார் இரண்டு கோலையும் ஒரே கைக்கு மாற்றிக்கொண்டதைக் கண் ஓரத்தில் பார்த்தேன். ஆமாம், பார்த்தேன். ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் எனக்கும் புரிந்திருக்கும்.

ஆனால் நான் நெசவுக்காரன். தறியில் ஒரு இழை தப்பினால் என் கை என்னைக் கேட்காமலே அங்கே போகும். மற்றவர்கள் காலிலெல்லாம் அவரவர் தொழிலைப் பார்த்த எனக்கு, என் நாக்கில் இருந்த தறி தெரியவில்லை.

“மேளம் நிக்கக் கூடாது! எவனும் கயித்த அவுக்காதீங்க! தங்கவேலு, மூணு அடி பின்னால போ! பாயை உள்பக்கமா தாண்டி வா! கண்ணு எங்க கீது உனுக்கு?”

தங்கவேலு நகரவில்லை. என்னைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் என்னை முறைத்திருக்கிறார்கள், கெஞ்சியிருக்கிறார்கள். அந்தப் பார்வை எதிலும் சேரவில்லை. நான் இன்னும் உரக்கக் கத்தினேன். “போலீஸ்காரா, காது கேக்கலியா? மூணு அடி!”

கூட்டம் சிரித்தது. இன்ஸ்பெக்டர் சோடா புட்டியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலி நுனிக்கு வந்தார். இப்போது அவர் கண் தங்கவேலுமேல் இருந்தது. தங்கவேலு பின்னால் போனான். ஒரு அடி. இரண்டு. மூன்று. காதர் பாயை உள்பக்கமாகக் கடந்தான். பின்னல் தளர்ந்தது. ஜனங்கள் அப்படிக் கை தட்டினார்கள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்தக் கைதட்டலில் ஒரு கணம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மிச்சம் இரண்டு சுற்றும் அவிழ்ந்தன. வரிசையாகப் போய் நின்றார்கள். வாத்தியாருக்குப் பக்கத்தில் தங்கவேலு. எல்லோரும் கும்பிட்டார்கள், அவன் மட்டும் கோலைப் பிடித்தபடி நின்றான். அரிதாரத்தில் வியர்வை கோடு கோடாக இறங்கிற்று. இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். தங்கவேலுவின் கை உயரவில்லை. இன்ஸ்பெக்டர் மறுபடி செருமினார். இப்போது அவர் பார்வை மாறிவிட்டது. இவன் வைக்காவிட்டால் இவனுக்கும் விலங்குதான் என்பது விஷயம் அறிந்த எங்களுக்குப் புரிந்தது.

கும்பிட்ட கையை வாத்தியார் பிரித்தார். தங்கவேலுவின் கோல் நுனியைப் பிடித்து, தன் தோள்மேல் தானே எடுத்து வைத்துக்கொண்டார். “வையுங்க தங்கவேலு” என்றார். “புள்ளைங்க இருக்காங்க.”

போலீஸ் அவரைக் கூட்டிப்போனதும் தோப்பில் நான் ஆடிய ஆட்டம் வேறு. எல்லோர் முன்னாலும் தங்கவேலுவைப் பிடித்து உலுக்கினேன். “கண்ணு முழுக்க வாத்தியாரு மேலயே இருந்தா காலு தப்பாம இன்னா பண்ணும்? புடிச்சுக் குடுத்துட்ட இல்ல? இனிமே கம்பத்தடிக்கு வராத.” அவன் இரண்டு கோலையும் துடைத்து, பச்சைக் கயிற்றைச் சுருட்டி, கூடையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று வாத்தியார் வெளியே வர. பார்க்கப் போனேன். வாசலிலிருந்து கூடத்துக்கு நடந்து வரவே இரண்டு இடத்தில் நின்றார். இனி ஆட்டம் இல்லை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சுதந்திரக் கொடி ஏற்றிய அன்று அவர் உயிரோடு இல்லை. நான் போன அந்த நாளில் அவர் முதலில் கேட்டது, “தங்கவேலு எப்படி இருக்காரு?” என்றுதான்.

“அவன் பேச்ச எடுக்காதீங்க. அன்னிக்கே வெரட்டிட்டேன்.”

“அண்ணே, பின்னல் பூட்டினது தப்பு இல்ல. அவர் வேணும்னு செஞ்சது” என்றார் வாத்தியார். “மொத சுத்துலேர்ந்தே, கோல் தட்டறப்போ ஒவ்வொரு வார்த்தையா சொல்லிக்கிட்டு வந்தாரு. கடைசிக்கு ரெண்டு சுத்து முன்னால பின்னல பூட்டிடுவேன், எல்லாரும் கயித்த அவுப்பாங்க, ஜனம் உள்ள வரும், காவலுக்கு நிக்கறவங்களும் கம்பத்துக்கு ஓடி வருவாங்க. நீங்க தோப்பு வழியா போயிடுங்க. நான் இடுப்பு முடிச்சு அவுறலன்னு கம்பத்தோடயே நிப்பேன், எம்மேல பழி வராதுன்னாரு.”

“அப்போ நான்...”

“நீங்க உங்க வேலையப் பாத்தீங்க” என்றார். அதில் துளி கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். தப்பே செய்யாத ஒருவர் தப்பு செய்தால், திருத்த வாயைத் திறக்கும் முன் அவர் முகத்தை ஒரு தடவை பாருங்கள். அவருக்கு என்ன கஷ்டம், எந்த உத்தரவு, எத்தனை பிள்ளைகள் என்று யோசியுங்கள். அப்படியே உங்களையும் பாருங்கள். லேத் ஓட்டுகிறவருக்கு ஒரு பிடிவாதம் இருக்கும், கணக்கு வாத்தியாருக்கு ஒரு பிடிவாதம் இருக்கும். அது உங்களை முந்திக்கொண்டு பேசிவிடும். ஆட்டம் கெட்டால் கெடட்டும். கெட்ட ஆட்டத்தை மறுநாள் ஆடிக்கொள்ளலாம்.

வாத்தியாரைப் பார்த்த அன்றைக்கே, போலீஸ்காரர்கள் குடியிருக்கும் லைனுக்குப் போனேன். தங்கவேலு வாசலில் குந்தி பெல்ட் பித்தளையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து பலகையைத் துடைத்துப் போட்டான். “ஏன்டா, முன்னாடியே என்னாண்ட சொல்லக் கூடாதா?” என்று அவன்மேலேயே பாய்ந்தேன். குற்றவாளியின் புத்தி அப்படித்தான் போகிறது.

“சொல்லத்தான் ரெண்டு தபா உன் தெருவுக்கு வந்தேன்” என்றான். “நீ தறிக்குழில பூந்துகினே. வாத்தியாரு எங்க கீறாருன்னும் எனுக்குத் தெரியாது. தெரிஞ்சவன் எவனும் என்னாண்ட சொல்லமாட்டான். நான் போலீசு. அன்னிக்குத் தோப்புல சொல்லிருக்கலாம், ஆனா உன் மூஞ்சிக்கு ஒண்ணும் மறைக்கத் தெரியாது. இன்ஸ்பெக்டரு பாத்தா போச்சு.”

நான் தலையைக் குனிந்துகொண்டு அழுதேன். அவன் பெல்ட்டை ஓரமாக வைத்தான். கையால் தரையில் வட்டம் போட்டு, கயிறு போகிற வழியைக் காட்டினான். அன்றைக்குக் கம்பத்தடியில் என்னைப் பார்த்த அந்தப் பார்வை இப்போது இல்லை. கேலியும் இல்லை. ஒரு ஆட்டக்காரன் இன்னொரு ஆட்டக்காரனிடம் பேசுவதுபோல் மனசாரச் சொன்னான்.

“உத்தரவு வந்த நாள்லேர்ந்து மூணு நாளு, ஊட்டுத் தரையில பத்துக் கயித்தப் போட்டுப் போட்டுப் பாத்தேன் அண்ணாத்தே. எந்த எடத்துல மாட்டுனா எவனாலயும் அவுக்க முடியாதுன்னு. மூணு நாளு. நீ மூணு அடியில அவுத்துட்ட. உன்ன மாதிரி ஆட்டம் தெரிஞ்சவன் இந்தப் பக்கத்துலயே கெடயாது.”